செவலைக்கு வரன் பார்த்த ரேஸ் மாஸ்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம், எழுத்துப்பிழை அதைவிட மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வெட்டிய துணிக்கட்டின் மேல் சாக்பீஸால் சைஸும் லாட் நம்பரும்தான். நீளமாக எழுதினால் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. பொறுமையுள்ள யாராவது இறக்கிப் போட்டுப் படித்துக்கொள்ளவும்.

பந்தயக் குதிரையை எப்படிப் பிறப்பிப்பது என்று உலகத்தில் எத்தனை கொள்கைகள் உண்டோ, அத்தனையையும் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளில் விரித்துப் போட்டுச் சோதித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ரேஸ் மாஸ்டர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நாலு பேருக்கு மேல் இல்லாத இடமென்றால் சத்தமாகவே சொல்வேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நான் அவருக்குக் கீழே துணி விரிக்கிறவன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வீடு அவிநாசிபாளையத்தில், தோட்டத்துக்குள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பெண் குதிரை.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை அது. அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் குதிரை வேறு பக்கம் திரும்பிவிடும் என்பதால் மாஸ்டர் செவலை என்றே கூப்பிட்டார். பதினொரு பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. "கால்ல குறையில்லீங்க தம்பி. யோசனை ஜாஸ்தி" என்பார். செவலை ஒரு குட்டி போட வேண்டும், அந்தக் குட்டி ஜெயிக்க வேண்டும். மாஸ்டருக்கு வேறு ஆசை கிடையாது. பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கம்கூட இல்லை.

குட்டி வேண்டுமென்றால் முதலில் செவலைக்கு ஒரு ஜோடி பார்க்க வேண்டும். மாஸ்டர் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பட புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்தது ஒரு மத்தியானமுங்க. சோறு திங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்று அவர் மனைவி சரசக்கா என்னிடம் சொன்னார். "இதுக்கு மூணு வருசம். நல்லவேளை, குதிரையா பொறந்ததுனால ஊர்ல பேச்சு வரலீங்க."

அந்த வருஷம் தை மாதம் மாட்டு டாக்டர் வந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். "வயசு பதினாலு ஆச்சுங்க மாஸ்டர். இன்னும் தலைச்சன் குட்டி போடலை. சித்திரைக்குள்ள சேர்த்தா உண்டு. இல்லைன்னா ஆசையை விட்டரோணுமுங்க."

மாஸ்டர் அவசரப்படவில்லை. "தச்சதைப் பிரிக்கலாமுங்க, வெட்டினதை ஒட்ட முடியாது" என்பது கட்டிங்கில் அவருடைய வேதம். கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பெனியில் இருக்கும் மனிதர்களை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார்.

முதல் கொள்கை, ஜெயித்ததை ஜெயித்ததோடு சேர்த்தால் ஜெயிப்பது பிறக்கும் என்பது. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஆனால் எங்கள் டெய்லர்களிலேயே முதல் கை முருகேசன், இரண்டாவது கை அவன் சம்சாரம். மாஸ்டர் அவர்கள் பையனைக் கூப்பிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். கல்லூரிக்குப் போகும் பையன். ரொம்ப நேரம் முயற்சி பண்ணிவிட்டு, "மிஷின்ல கோக்கறதுக்குத் தனியா பட்டன் இல்லீங்களா?" என்று கேட்டான். கொள்கை தள்ளுபடி.

இரண்டாவது கொள்கை, ஓட்டத்துக்குப் பெரிய இருதயம் வேண்டும், அது அம்மா வழியில் வரும் என்பது. செக்கிங் பெண்கள் எல்லாரும் இதை ஒருமனதாக ஆதரித்தார்கள். மாஸ்டர் டாக்டரிடம் ஸ்டெதாஸ்கோப் இரவல் வாங்கினார். செவலையின் நெஞ்சைக் கேட்டுவிட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். என் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தமே வரலீங்களே தம்பி. அங்கயும் பேசறதுக்குச் சங்கடப்படுவீங்களா?"

மூன்றாவது, சுழி. அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு குதிரை வியாபாரியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார். கழுத்தில் சுழி இருந்தால் இப்படி, கண்ணுக்குக் கீழே இருந்தால் அப்படி. இதையும் அவர் நேராக நம்பிவிடவில்லை. "ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு சொல்றாங்க. பேக்கிங் செல்வத்துக்கு ரெட்டைச் சுழிங்க. அவனுக்கு ஒண்ணுக்கே பொண்ணு கிடைக்கலை." அதுவும் தள்ளுபடி.

அவர் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தது நாலாவது கொள்கைக்குத்தான். இன்ன தகப்பன் வம்சமும் இன்ன தாய் வம்சமும் சேர்ந்தால் மட்டும் நல்லது பிறக்கும், காரணம் கேட்கக்கூடாது. "இது நெசமுங்க. ஒரு மில் நூலு ஒரு மிஷின்ல வழுக்கிட்டு ஓடும், பக்கத்து மிஷின்ல அறுந்து அறுந்து விழும். ரெண்டும் ஒரே மாதிரி மிஷின். ஏன்னு எந்த இன்ஜினியரும் சொன்னதில்லை."

இந்தக் கொள்கைப்படி பார்க்க வேண்டுமென்றால் வம்சாவளி வேண்டும். ஓசூர் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் மூன்று பொலிகுதிரைகள் இருந்தன. பண்ணை கிளார்க் மூன்றின் வம்சாவளியையும் போனுக்கு அனுப்பினார். போன் திரை சின்னது, வம்சம் பெரியது. அதனால் மாஸ்டர் மார்க்கர் பேப்பரில் வரைந்தார். மார்க்கர் பேப்பர் என்றால், துணியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கோடு போட்ட நீளக் காகிதம். அடுக்கின துணிமேல் அதை விரித்து, கோட்டின்மேல் மிஷினை ஓட்டுவோம். மாஸ்டர் நாலு நாள் டீ நேரத்தில் வரைந்து, சுருட்டி, டேபிளுக்குக் கீழே வைத்தார்.

ஐந்தாம் நாள் துணிமேல் அதை எடுத்து விரித்தது நான்தான். தப்பு என்னுடையது. கட்டிங் மிஷின் ஓட்டுகிற பீகார்க்காரர் ராஜு, கோடு இருந்தால் வெட்டுவார். வேறு எதையும் யோசிக்காத நல்ல வேலைக்காரர். அறுபது அடுக்குத் துணி. முதலாளி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க மாஸ்டர், இது கையா, கழுத்தா?"

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அது நாலாந் தலைமுறைங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ராஜுவைப் பார்த்தேன். "லைன் தா, காட் தியா" என்றார் ராஜு. கோடு இருந்தது, வெட்டிவிட்டேன் என்று அர்த்தம். நல்லவேளையாக அது சாயம் ஷேடு மாறி ஒதுக்கி வைத்திருந்த துணி. முதலாளி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. வெட்டின காகிதத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர், பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தம்பி, இதைப் பாருங்க. அப்பன், அவனுக்கு அப்பன்னு மேல மேல போனா, உலகத்துல இருக்கற ரேஸ் குதிரை எல்லாம் மூணே மூணு ஆண் குதிரைகிட்டப் போய் நிக்குதுங்க. அதுலயும் முக்காலே மூணுவீசம் ஒரே குதிரை வம்சம்."

"நல்லதுதான மாஸ்டர்?"

"என்ன நல்லதுங்க? மூணு பொலிகுதிரையும் நம்ம செவலையும் ஒரே கூட்டமுங்க. பங்காளிங்க."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் கூட்டம் என்று ஒன்று உண்டு. அப்பன் வழியில் வருவது. ஒரே கூட்டமென்றால் முன்னேபின்னே முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன், தங்கச்சிதான். கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது.

நான் நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவன். எங்களுக்குக் கூட்டம் கிடையாது. "குதிரைக்கு ஏது மாஸ்டர் கூட்டம்? என்ன இப்படிச் சொல்லுதீய?" என்றேன்.

"உங்க ஊர்க் குதிரைக்கு இல்லாம இருக்குமுங்க" என்றார்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சரசக்கா என்னைத் தோட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனபோது வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"நம்ம ஊட்டு மாட்டுக்குச் சினை ஊசி போடறப்ப எந்தக் கூட்டம்னு கேட்டீங்களா நீங்க?"

"மாட்டுக்குத் தகப்பன் பேரை யாரும் எழுதி வெக்கலை சரசு. தெரியாம செஞ்சா தோசமில்லை. இது தெரிஞ்சுபோச்சே."

வேறு கூட்டத்துக் குதிரை ஒன்று வடக்கே இருப்பதாகப் போனில் கண்டுபிடித்தார். கூப்பிட்டுக் கேட்டால் அது செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. பங்குனி முடிந்தது. சித்திரையில் பத்து நாள் போயிற்று. செவலை எதைப் பற்றியும் கவலைப்படாமல் சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தது. டாக்டர் ஒரு நாள் வந்து, காலண்டரைப் பார்த்து, காபியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு மாஸ்டர் கொட்டகையில் குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். நான் பார்க்காததுபோல வாளியைக் கழுவினேன். கழுவின வாளியையே திரும்பவும் கழுவினேன்.

மறுநாள் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"தம்பி, உங்களுக்குக் கூட்டமே கிடையாதுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கிடையாது மாஸ்டர்."

"கல்யாணமும் ஆகலை."

"அது உங்களுக்கே தெரியும்."

"அப்ப செவலையை உங்களுக்குத் தத்துக் குடுத்தர்றனுங்க. உங்க புள்ளை ஆயிட்டா அது எங்க கூட்டத்துல இல்லை, அவங்க கூட்டத்துலயும் இல்லை. தடை நீங்கிப்போகுது."

"நான் சர்ச்சுக்குப் போறவன் மாஸ்டர்."

"செவலைக்கு அதுல ஆட்சேபணை இல்லீங்க."

சரசக்காதான் ஆட்சேபித்தார். தத்துக் கொடுத்தாலும் ரத்தம் ரத்தம்தானே என்றார். "அதெல்லாம் மனுசருக்குச் சரசு" என்றார் மாஸ்டர். இத்தனை நாளாக மனுசர் சட்டத்தில் குதிரையைக் கட்டிவைத்திருந்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நான் வந்த பிறகு, சடங்கு நடந்தது. வெற்றிலைபாக்குத் தட்டு வைத்தார். செவலையின் கயிற்றை என் கையில் கொடுத்துச் சொம்புத் தண்ணீரை மேலே வார்த்தார். "சம்மதமுங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைதான் எனக்குக் குரல் வந்தது. அதற்குள் செவலை வெற்றிலையைத் தின்றுவிட்டது. அதன் சம்மதம் அதுதான் என்று எடுத்துக்கொண்டோம்.

பண்ணைக்கு லாரியில் போனோம். பெண் வீட்டுக்காரன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று மாஸ்டர் என் மடியில் ஒரு தாம்பாளம் நிறையக் கேரட் வைத்திருந்தார். பண்ணை கிளார்க் ரிஜிஸ்டரைத் திறந்து, "ஓனர் யாரு?" என்றார்.

"ஓனர் நானுங்க. தகப்பனார் இவருங்க."

கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

காரியம் கூடியது. ஒரு மாதம் கழித்து டாக்டர் உறுதி சொன்னார். பதினோராவது மாதம் முடியும்போது மாஸ்டர் அடுத்த பிரச்சினையைக் கொண்டுவந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். நான் இருந்தது லைன் வீட்டில், ஒற்றை அறை. கட்டிலைப் போட்டால் நானே வாசலில் நிற்க வேண்டும். மாஸ்டர் அசரவில்லை. கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில் என் பெயரை எழுதினார். "இனி இது உங்க ஊடுங்க. நாங்க கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும்." அன்று முழுக்கச் சரசக்கா தீவனம் வைக்கப் போகும்போதெல்லாம் வெளியே நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பொய் எழுத வராது. முதலாளி வாங்கிப் படித்தார். "மகளுக்குப் பிரசவம்" என்றிருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு எப்பங்க கல்யாணம் ஆச்சு?"

"ஆகலீங்க."

அவர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, பழம் வாங்கிப் போகச்சொல்லித் தன் பையிலிருந்து நூறு ரூபாயும் கொடுத்தார். நான் அதற்கும் கேரட்டே வாங்கினேன்.

ஆண் குட்டி. நெற்றியில் வெள்ளை. விழுந்து விழுந்து எழுந்து நின்றது. மாஸ்டர் அதன் காலைப் பார்ப்பார், நெஞ்சை அளப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். "முதல்ல அப்புச்சி பாக்கோணும். அதுதான் முறை." இங்கே அம்மாவைப் பெற்ற அப்பாவை அப்புச்சி என்பார்கள்.

குட்டியை ஒரு பயிற்சிக்காரர் வாங்கிப் போய் வளர்த்தார். மூன்று வயதில் மைசூரில் முதல் பந்தயம். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். ஒன்பது குதிரைகள் ஓடின. எங்கள் பையன் நன்றாகத்தான் கிளம்பினான். பாதி தூரத்தில் நாலாவதாக வந்தான். பக்கத்தில் ஒரு குதிரை வந்ததும் சற்று ஒதுங்கி வழி விட்டான். அடுத்தது வந்தது, அதற்கும் விட்டான். கடைசியில் ஒன்பதாவதாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வந்து சேர்ந்தான்.

செவலைக்கு இனி குட்டி கிடையாது. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. மைதானம் காலியாகிவிட்டது. சரசக்கா புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தார். யாரும் தொடவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொதுவாகவே தெரியாது.

"எந்தக் கொள்கை மாஸ்டர் தப்பாப் போச்சு?" என்று கடைசியில் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒண்ணும் தப்பில்லீங்க தம்பி. கால் இருக்குது, நெஞ்சு இருக்குது. முன்னால போறதுக்குச் சங்கடப்படறான், அவ்வளவுதான். அப்படியே அப்புச்சி சாடைங்க."

சரசக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில், ஓர் உயிருக்கு என் சாடை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

எழுதி முடித்தது ஆடி பதினெட்டு, திங்கட்கிழமை.