ஸ்டெப்னி டிபன் பாக்ஸ்

"மாமு, எங்க கீற? மேடம் உன்னத்தான் தேடிகினுகீறாங்க!"

போனில் அடுத்த மேசை ஹபீபுல்லாவின் குரல் கேட்டதும் முப்பிடாதி ஹாரனை அழுத்தினார். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் அவருடைய ஸ்கூட்டர். முன்லாரி டிரைவர் இறங்கி நின்று சாவகாசமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த லாரி இப்போதைக்கு நகருமா, நீங்களே சொல்லுங்கள்.

"கொஞ்ச நேரம் சமாளியும்வே. மேசையில டிபன் பாக்ஸ் இருக்குல்லா?"

"கீது, கீது."

ராயபுரத்தில் இருந்த அவர்களுடைய அரசு அலுவலகத்தில் கைரேகை இயந்திரம் உப்புக்காற்று பட்டுச் செத்து வெகுநாளாகிறது. அன்று முதல், மேசைமேல் டிபன் பாக்ஸ் இருந்தால் ஆள் வந்தாயிற்று என்பது அங்கே சட்டம். அதனால் முப்பிடாதி ஒரு காலி டிபன் பாக்ஸை மேசையிலேயே குடிவைத்திருந்தார். அதற்கு 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்தவர் ஹபீபுல்லாதான். அவருக்கென்ன, வீடு ஆபீசுக்குப் பின்தெரு. மணியடித்த பிறகு கிளம்பினாலும் நேரத்துக்கு வந்துவிடுவார்.

முப்பிடாதி தெற்கத்தி ஆள், குடியிருப்பது எண்ணூரில். எண்ணூர் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தார். கிடைத்தால் நடந்தே வேலைக்குப் போகலாம். லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்தே ஆயுசு கழிய வேண்டாம். புதிதாக வந்திருக்கும் அதிகாரி சினேகா மேடம் மனசு வைத்தால் நடக்கும். ஆனால் லேட்டுக்கு மெமோ கொடுத்துவிட்டால் மாற்றல் அம்பேல்.

மறுபடி போன்.

"மாமு, டீ குடிக்கப் போயிருக்காருன்னேன். மேடம் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பாத்துட்டாங்க. 'காலங்காத்தால காலியா இருக்கே?'ன்னாங்க."

"என்னத்தச் சொன்னீரு?"

"பசி தாங்காம துன்னுட்டாருன்னேன். அதுக்குள்ள டீக்கடைக்கு ஆள் அனுப்பப் பாத்தாங்க. பேஜாராப் பூடுச்சு. துன்னது ஒத்துக்கல, வயித்தால போவுது, பாத்ரூம்ல கீறாருன்னுட்டேன்."

"அட மனுசா! வேற பொய்யே கெடைக்கலையா உமக்கு?"

"அவசரத்துக்கு இதான் வந்துச்சு."

முப்பிடாதி லாரியின் இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்துப் பார்த்தார். கண்ணாடி உரசியதுதான் மிச்சம். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.

"மாமு, மேடம் பாத்ரூம் கதவைத் தட்டிகினுகீறாங்க. தொறக்க மாட்டேங்குது."

அந்தக் கதவு ஈரத்தில் ஊதி, தானாகவே இறுகிக்கொள்ளும். இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். பழைய ஆட்களுக்குத் தெரியும், மேடம் புதுசு.

"உள்ள சத்தமே இல்லையேன்னு பதறுறாங்க."

"எப்படிவே சத்தம் வரும்? நான் ரோட்டுலல்லா நிக்கேன்!"

"நீ மயங்கிட்டியோன்னு பயந்து, மேடம் இன்னா பண்ட்டாங்க தெரியுமா..."

போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மேடம் என்ன செய்தார் என்று தெரியாமல் முப்பிடாதி துடித்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சைரன் கேட்டது. எதற்கும் அசையாத லாரிகள் முக்கி முனகி ஒதுங்கின. ஆம்புலன்ஸ் பாய்ந்து போனது. முப்பிடாதி விடுவாரா? அதன் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும் முருகா" என்று மனதார வேண்டிக்கொண்டார். ஆம்புலன்ஸ் அவருக்காகவே பாதை போட்டதுபோல வளைந்து திரும்பி, அவருடைய ஆபீஸ் வாசலிலேயே நின்றது.

ஹபீபுல்லா ஓடி வந்தார்.

"யாருக்குவே?" என்றார் முப்பிடாதி.

"உனக்குத்தான் மாமு! பின்பக்கமா ஓடு!"

பாத்ரூமுக்குப் பின்னால் துப்புரவு ஆட்கள் வந்துபோகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. முப்பிடாதி அதில் புகுந்து தரையில் சரிந்து முனக ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஹபீபுல்லா இடுப்பால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்தது. உள்ளே முப்பிடாதி தெப்பலாக வியர்த்து, மூச்சிரைக்கக் கிடந்தார். எல்லாம் பொருத்தம்தான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தார், அவ்வளவுதான்.

"பாத்ரூம்ல எதுக்கு ஹெல்மெட்?" என்றார் மேடம்.

ஹபீபுல்லா அசரவில்லை. "மயக்கம் வந்து வுழுந்தா மண்டைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு உஷாரா போட்டுகினாரு மேடம்."

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம்..."

"பேசாதீங்க முப்பிடாதி. இந்த உடம்போட ஆபீசுக்கு வந்திருக்கீங்களே!" மேடம் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார்.

முப்பிடாதிக்கு உயிர் வந்தது. மெமோ இல்லை! மாற்றல் பிழைத்தது! சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, இன்னும் நாலு முனகலைச் சேர்த்துப் போட்டுவிட்டு, அவராகவே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரி வார்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் உதவியாளர் அஜீசுன்னிசா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"மேடம் எம்மேல கோவமா இருக்காங்களாக்கா?"

"கோவமா? இன்னா சார் நீ! காலைல உன்னத் தேடுனதே, எண்ணூரு ஆபீசுல எடம் காலியா கீது, இன்னிக்கே போறியான்னு கேக்கத்தான். 'பாவம், சீக்காளி மனுசன், இங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கட்டும்'னு உனுக்குப் பதிலா ஹபீபுல்லா சாரை அங்க போட்டாங்க."

அஜீசுன்னிசா வாழைப்பழத்தை உரித்து நீட்டினார்.

"அவுரு அழுதுகினே ஒண்ணு கேட்டுகினு வரச் சொன்னாரு சார். உன் மேசைல கீதே அந்தக் காலி டிபன் பாக்ஸ், அதைக் கொஞ்சம் குடுப்பியாம்."