என் இருதயத்தை நம்பி நடக்கும் காலேஜ்

சாந்தோம்,
ஞாயிறு பூசை முடிந்து

அன்புள்ள மகன் விக்டருக்கு,

உன் பெரியம்மா மர்சலின் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய்ச்சாட்சி ஆகிவிடும், ஆகையால் எழுதவில்லை. ஆதம்பாக்கத்தில் நீயும் சான்ட்ராவும் குழந்தை கரோலும் நன்றாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். சான்ட்ராவையும் சேர்த்துத்தான் மன்றாடுகிறேன். கரோல் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் என்னை பேண்டு வாசிக்க வந்தவர்களோடு பந்தியில் உட்கார வைத்ததை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

அடையாறு தாண்டி இருக்கிற அந்தச் சின்ன மருத்துவக் கல்லூரியில் கரோலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா, "நீங்கதான் அங்க அடிக்கடி போய் வர்றீங்களே பெரியம்மா" என்று போனில் கேட்டாய். நான் சொல்ல ஆரம்பித்ததும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். முழுசாகப் படி.

சேர்க்காதே.

அந்தக் காலேஜில் எல்லாம் இருக்கிறது விக்டர், நோயாளிதான் இல்லை. மெத்தைகளுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை, திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, இன்ன வியாதி என்று சொன்னால்தான் பாஸ். ஊர் ஜனமோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. அதனால் பரீட்சைக்கும் அதற்கு முந்தின ஒத்திகைக்கும் வேன் அனுப்பி எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்களை என்றால், இருதயத்துக்கு நான், கல்லீரலுக்குத் திருவல்லிக்கேணி அன்வர் பாஷா, கழுத்துக் கட்டிக்கு ராயப்பேட்டை சீதா. வருஷா வருஷம் நாங்களேதான். என் இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் புஸ் என்று சத்தம் போடுகிறதாம். அந்தக் காலேஜில் டாக்டர் ஆன அத்தனை பேரும் அந்தப் புஸ்ஸைக் கேட்டுத்தான் ஆனார்கள். எல்லார் ஸ்டெதஸ்கோப்பும் ஐஸ் கட்டி. ஒருத்தனாவது உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணி வைப்பானா? மாட்டான்.

நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் வியாதிப் பேர் எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். தவிக்கிற பிள்ளைக்குக் காதோடு சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் இல்லை. போன வருஷம் அச்யுத் என்று ஒரு மயிலாப்பூர் பையன், என் பேரைக்கூடக் கேட்காமல், "ஆறாம் பெட், மூச்சை இழுத்து விடு" என்றான். இழுத்தேன், விட்டேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்துப்போய், "பாட்டி, என்ன வியாதின்னு சொல்லிடுங்கோளேன்" என்று கெஞ்சினான்.

"ஆறாம் பெட்டுக்கு மூச்சுதாம்பா உண்டு, பேச்சு கிடையாது" என்றேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அன்வர் பாஷா, "இன்னா பாட்டி, புள்ள அழுவுற மாதிரி கீறான், சொல்லிவுடேன்" என்றார்.

"உங்க கல்லீரல் உங்க இஷ்டம், பாய். என் இருதயம் என் இஷ்டம்."

இதெல்லாம் போகட்டும். இந்த வருஷம் எனக்கு மூச்சு ரொம்ப வாங்குகிறது. குழாயடியிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம். நேற்று ஒத்திகையில் ஹம்சினி என்று ஒரு பெண் என் கட்டிலுக்கு வந்தாள். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று எல்லாரும்தான் கேட்பார்கள், நான் முதலிலிருந்து ஆரம்பித்தால் கையமர்த்திவிடுவார்கள். இவள் கையமர்த்தவில்லை. என் நாத்தனார் செய்தது, வாடகை வீட்டு ஓனர் மோட்டார் போடாமல் என்னை மாடிக்குத் தண்ணீர் சுமக்கவிட்டது, எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு முகம் மாறினாள்.

"பாட்டி, இது முத்திப்போயிருக்கு. ஆபரேஷனைத் தள்ளிப் போடக்கூடாது. இப்பவே பெரிய டாக்டரைக் கூட்டிண்டு வரேன்."

பெரிய டாக்டர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "பண்ணிடலாம்மா, கண்டிப்பா பண்ணிடலாம். பரீட்சை மட்டும் முடியட்டும். நீங்க சரியாயிட்டா, நாங்க இருதயத்துக்கு எங்க போறது?" என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை விக்டர். சிரித்தாலும் எனக்கு மூச்சு வாங்கும்.

ஒரு கிழவி பிழைத்துப்போனால் நின்றுபோகிற காலேஜில் நம் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? கரோலுக்கு அடுத்த வருஷம் வேறு இடம் கிடைக்கும், அதற்குள் ஒன்றும் முழுகிவிடாது. எனக்கு எழுதவும் அசதியாக இருக்கிறது. குழந்தை நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. உனக்கு என் முத்தம். சான்ட்ராவுக்கு என் அன்பு, அளவாக.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
மர்சலின்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஹம்சினி வந்து நின்றாள். பெரிய டாக்டரோடு சண்டை போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் பேசி, பரீட்சைக்கு முன்னாலேயே எனக்கு ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டாளாம். "அப்ப உங்க பரீட்சைக்கு இருதயம்?" என்று கேட்டேன். "நாங்க ஃபெயிலானா திரும்ப எழுதிக்கறோம், நீங்க கிளம்புங்கோ பாட்டி" என்கிறாள். ரத்தம் கொடுக்க வகுப்பு முழுவதும் வாசலில் நிற்கிறது. சின்னக் காலேஜ், அத்தனை பேரும் ஒரே வேனில் அடங்கிவிட்டார்கள். ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடு, கரோலை நாளைக்கே சேர்த்துவிடு. போகும்போது உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. உன் கல்யாணத்தன்று கோயில் படி ஏறும்போதே அந்த அம்மாளுக்கு மூச்சு இரைத்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.