பாவியைக் கண்டால் அணையும் வாள்

வெள்ளிக்கிழமை என்றால் முட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கு பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. குழித்துறையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அஞ்சுகிராமத்திலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியும் கையுமாக வரிசையில் நின்றார். எல்லாம் ஒரு வாளைப் பார்க்கத்தான். நீதிமான் கையில் நீலமாக எரியுமாம். பாவி கையில் அணைந்துவிடுமாம். கோர்ட்டையும் போலீஸ் ஸ்டேஷனையும் ஏன் இன்னும் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

வாள் வானத்திலிருந்து இறங்கியது என்று ஊர் சொன்னது. இறங்கியது ஷீஜாவின் கடையிலிருந்து. செல்போனும் எமர்ஜென்சி விளக்கும் பழுது பார்க்கும் சின்னக் கடை. மூன்று மாதம் முன்பு, 2012 திருவிழா நாடகத்துக்காக பிவிசி குழாயில் நீல பல்புகளைக் கோத்து, கைப்பிடிக்குள் மூன்று ரிமோட் பேட்டரியை அடுக்கி அவள்தான் அதைச் செய்தாள். அவசரத்தில் ஒரு பழைய டார்ச்சின் ஸ்பிரிங்கை மாட்டிவிட்டாள். உப்புக்காற்று அதைத் தின்றது பாதி, துரு தின்றது மீதி.

நாடகத்தில் மிக்கேல் சம்மனசு, அதாவது வானதூதர் வேஷம் ததேயுஸுக்கு. சவுதிக்குப் போய் இரண்டே வருஷத்தில் வெறுங்கையோடு திரும்பியவர். சாத்தானான லூசிபரை வெட்ட வாளை ஓங்கினார். வாள் அணைந்துவிட்டது. லூசிபரே சிரித்துவிட்டான். மானம் போகும் நேரத்தில் மனுஷனுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

"இந்தக் கூட்டத்துல ஒரு பாவி இருக்கான்! அதனாலயாக்கும் வாள் அணைஞ்சுது!" என்று முழங்கினார் ததேயுஸ்.

மூன்றாம் வரிசையில் கபிரியேல் எழுந்தார். நல்ல போதை. "நான்தான் சம்மனசே! இசக்கிக்க வலைய எடுத்தது நான்தான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

நாடகம் அதோடு முடிந்தது. தொழில் தொடங்கியது.

வாள் அணைந்தால் மூன்று வெள்ளிக்கிழமை பரிகார ஜெபம். காணிக்கை நெய்மீனாகவும் இருக்கலாம், மோதிரமாகவும் இருக்கலாம். ததேயுஸுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வேண்டாம் என்றார். சாமியாருக்குப் பொறாமை என்றது ஊர்.

ஷீஜாவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. நான் போட்ட ஸ்பிரிங் மோசம் என்று சொன்னால் நாளைக்கு யார் போனைக் கொண்டுவந்து தருவார்கள்? அந்த வெட்கத்தில் மூன்று மாதம் ஓடிவிட்டது.

பிறகுதான் அக்கா அஜிதாவின் கல்யாணத்தில் வாள் புகுந்தது. மாப்பிள்ளை ஜெனோ. கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முன்னால் பெண்ணை வாள் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ராஜபாய் ஒற்றைக்காலில் நின்றார். அஜிதா பிடித்தாள். வாள் அணைந்தது. ஓலையும் நின்றது.

"ஏட்டி, நான் என்ன பாவம் செய்தேன்? ஆறாம் கிளாசில சாக்பீஸ் எடுத்தேனே, அதா இருக்குமோ?" என்று இரவும் பகலும் அழுதாள் அஜிதா.

"பாவம் செய்தது நீயில்ல, நானாக்கும்," என்றாள் ஷீஜா. அக்கா அழுத அழுகையில் அவள் வெட்கம் கரைந்து போயிருந்தது.

அடுத்த வெள்ளி அக்காவையும் ராஜபாயையும் கூட்டிக்கொண்டு ததேயுஸ் வீட்டு முற்றத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் நின்று கவனித்தாள். காரில் வந்தவர்களிடம் ததேயுஸ் வாளை இரு கையிலும் படுக்கவைத்துக் கொடுத்தார். எரிந்தது. நடந்து வந்தவர்களிடம் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். அணைந்தது. பாவம் செய்கிறவர்களெல்லாம் நடந்துதான் வருவார்கள் போலிருக்கிறது.

"மாமா, வாளெல்லாம் ஒரே உப்பு. செய்தவ நான்தான? துடைச்சுத் தாறேன்," என்றாள் ஷீஜா. இத்தனை பேர் முன்னால் ததேயுஸால் மறுக்க முடியவில்லை. அவள் திரும்பி நின்று கைப்பிடி மூடியைத் திருகினாள். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை எட்டாக மடித்து ஸ்பிரிங்குக்கு அடியில் செருகினாள். மூடினாள்.

அஜிதா பிடித்தாள். ததேயுஸ் வழக்கம்போல நிமிர்த்தினார். எரிந்தது. குலுக்கினார். எரிந்தது. வாளின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். இன்னும் நன்றாக எரிந்தது.

ஆனால் ததேயுஸ் சும்மா ததேயுஸா? "பாவம் மன்னிக்கப்பட்டாச்சு!" என்று கையை விரித்தார். கூட்டம் ஆண்டவரே என்று முழங்காலில் விழுந்தது. ராஜபாய் அஜிதாவைக் கட்டிக்கொண்டு, "ஞாயிறாச்ச மூணாம் ஓலை மக்ளே!" என்றார்.

"காரியம் முடிஞ்சுல்லா, வாட்டி போவலாம்," என்று அக்கா ஷீஜாவின் கையைக் கிள்ளினாள். ஷீஜாவும் போயிருப்பாள். வரிசையில் அடுத்து நின்ற பூங்கனியைப் பார்த்துவிட்டாள். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறவள். வாள் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

ஷீஜா வாளை வாங்கி, கூட்டத்தில் நின்ற கபிரியேலிடம் கொடுத்தாள். "பிடியும் பாப்பம்."

"எனக்கிட்டயா? நேத்தும் குடிச்சேன் மக்கா." நிமிர்த்திப் பிடித்தார். ஜம்மென்று எரிந்தது. கூட்டத்தில் சலசலப்பு.

எல்லாரும் பார்க்க மூடியைத் திறந்து தாளை எடுத்தாள். மூடி, ததேயுஸ் கையில் கொடுத்தாள். "இப்ப நீரு நிமித்திப் பிடியும் மாமா."

அவர் படுக்கவைக்கப் பார்த்தார். கபிரியேல் விடவில்லை; கையைப் பிடித்து நிமிர்த்தினார். வாள் அணைந்தது.

"அய்யோ, வாள்காரருக்கே பாவம்!" என்றார் ராஜபாய். "மூணு வெள்ளி ஜெபம்! எடும் மோதிரத்த!" பக்தியில் நாலு பேர் ததேயுஸின் விரலைப் பிடித்து இழுக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"லே, விடுங்கல!" ததேயுஸ் அலறினார். "பாவமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! ஸ்பிரிங்கு லூசாக்கும்! நிமித்தினா பேட்டரி எறங்கும், அணையும்! இது எனக்குத் தெரியாதா?"

அவர் வாயால் அவரே சொன்ன பிறகுதான் இழுத்த கைகள் அவர் விரலை விட்டன.

"அந்த ஸ்பிரிங்க போட்டது நான்," என்றாள் ஷீஜா. எல்லாருக்கும் கேட்டது. "தப்பு எனக்க வேலையில. உங்க ஒருத்தர்ட்டயும் இல்ல."

பூங்கனி கம்மலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் ததேயுஸ் வீட்டுக்குள் நுழைந்து, அவரவர் மோதிரத்தைத் தேடினார்கள். தின்ற நெய்மீனைத்தான் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

ராஜபாய் மட்டும் போகவில்லை. ஷீஜாவின் வலது கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "வரம் ஒனக்க கையிலயாக்கும் மக்ளே. தொட்டதும் எரிஞ்சுதே!"

ஷீஜா கையை உருவிக்கொண்டாள்.

"மாமி, அந்த மூடியத் திறந்து பாக்க எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. மூணு மாசமா உங்கள்ல ஒருத்தருக்கும் அது ஏன் தோணல? முதல்ல அதைச் சொல்லும்."