நோலா சாரின் மூன்று பதில்கள்

பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தும் பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டாமல் பேசிய ஒரே மனிதர் நோலா சார்தான். இந்த ஊரில் பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவன்கூட "வலிக்குது லா" என்பான். நோலா சார் ஐம்பத்தைந்து வயது வரை ஒரு 'லா' செலவழித்ததில்லை. 'நோ லா' என்று என் டிரைவர்கள் வைத்த பட்டம் ஒட்டிக்கொண்டு நோலா ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

அவரைக் கண்டுபிடித்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்து, டத்தோ கிராமாட் ரோட்டில் பஸ் கழுவி, பிறகு ஓட்டி, பிறகு வாங்கியவன். இன்று நாற்பத்திரண்டு பஸ். பத்து காவான் என்கிற ஊரில் இருக்கும் பேக்டரிகளுக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகிறேன். அங்கே ரோடு போடுவதற்கு முன்பே பஸ் விட்டவன் நான்தான். கேட்டால் யாரும் சொல்வார்கள். கேட்காவிட்டால் நானே சொல்வேன்.

பஸ்ஸில் எனக்குத் தெரியாதது கிடையாது. கம்ப்யூட்டரில்தான் மாட்டிக்கொண்டேன். நான்கு பேக்டரி, நான்கு ஜாதிக் கம்ப்யூட்டர். ஒன்று அலமாரி உயரம், குளிர் அறையில் வாழ்கிறது. ஒன்று மேசை மேல். ஒன்று போனுக்குள்ளேயே. நான்காவது பேக்டரியின் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றும் தன் பாஷையில் சொல்லும். என் கிளார்க் சரஸ் அத்தனையையும் படித்து மறுபடி தட்டுவாள்.

ஒருமுறை ஒரு பேக்டரி பஸ் கேட்டது. லைன் கோளாறு, எங்கள் பதில் போய்ச் சேரவில்லை. மறுபடி கேட்டது. இன்னொரு தரமும் கேட்டது. மறுநாள் இரண்டு பெண்களை ஏற்ற மூன்று பஸ் போய் நின்றது. ஆளுக்கொரு பஸ்ஸில் அவர்கள் ஏறிக்கொள்ள, மூன்றாவது காலியாகப் பின்னால் போனது, கல்யாண ஊர்வலம் மாதிரி.

அந்த வாரம்தான் நோலா சார் வேலை கேட்டு வந்தார். ஒல்லி. சட்டைப் பையில் நான்கு பேனா.

"முன்னாடி என்னா வேலை சார் செஞ்சீங்க?"

"வேற வேற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு விதி எழுதற கமிட்டியில இருந்தேன், அண்ணே. இருபது வருஷம்."

"இருபது வருஷமா! அப்படி என்னாதான் எழுதினீங்க?"

"எப்படிக் கேக்கணும், எப்படிப் பதில் சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"கேள்விக்கு எட்டு வருஷம். பதிலுக்குப் பன்னெண்டு."

அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டேன். ஆளை எடைபோடுவதில் எனக்குப் படிப்பு தேவைப்பட்டதில்லை.

வந்தவர் ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. டிரைவர்கள் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதினார். ஒருநாள் மாணிக்கம் என்ற டிரைவரிடம் சரஸ் கேட்டாள்: "அண்ணே, நாளைக்கு அஞ்சரைக்கு தண்ணீர்மலை போலேயா?"

போலே என்றால் மலாயில் 'முடியும்'.

"போலே லா," என்றான் மாணிக்கம்.

நோலா சார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "முடியுமா, முடியாதா?"

"அதான் போலே லான்னேனே, சார்."

"'போலே'ன்னா பஸ் வரும். 'போலே லா'ன்னா வரலாம், வராமலும் போகலாம். ஒரு மாசமா எழுதியிருக்கேன், பாக்கறீங்களா?" நோட்டை நீட்டினார்.

மாணிக்கம் பார்த்தான். அவன் பெயர் மட்டும் ஒரு பக்கம் நிறைய இருந்தது. "இவரு என்னா சார், போலீஸ் ரிப்போர்ட்டு மாதிரி எழுதி வெச்சிருக்காரு!" என்று என்னிடம் முறையிட்டான்.

அதன் பிறகு பதினொரு பக்கத்தில் விதி வந்தது. எந்தக் கேள்விக்கும் மூன்றே பதில்: உண்டு, இல்லை, தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர். அதே நம்பரில் பத்து முறை கேட்டாலும் ஒரு பஸ்தான் போகும். கேட்பது எந்தக் கம்ப்யூட்டர், பதில் சொல்வது எந்தக் கம்ப்யூட்டர், உள்ளே மிஷின் சொல்கிறதா மனுஷன் பட்டனைத் தட்டுகிறானா, அது அடுத்தவருக்குத் தேவையில்லை.

அந்த விதியை அவர் வீட்டிலும் கடையிலும்கூட விடவில்லை. எங்கள் ஆபீசுக்கு எதிரில் காதர் அண்ணன் சாப்பாட்டுக் கடை. காலையில் தோசை, ரொட்டி, ஒரு டீ மூன்றும் கேட்டு முடித்த பிறகு நோலா சார், "நாலாம் நம்பர் டீ, அண்ணே," என்று குரல் கொடுத்தார். வரத் தாமதம். விதிப்படி மறுபடியும், "நாலாம் நம்பர் டீ." மேசைக்கு எட்டு டீ வந்தது.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"நாலு நாலுன்னு ரெண்டு வாட்டி நீங்கதானே கத்துனீங்க!"

நோலா சார் எட்டையும் உற்றுப் பார்த்தார். "தப்பு என்னோடதுதான். நம்பர்னா என்னான்னு உங்ககிட்ட நான் முதல்ல பேசி வெச்சிருக்கணும்," என்று சொல்லி, அன்று முதல் காதர் அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். காதர் அண்ணன் அதைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ராணியக்கா தலையில் இடி விழுந்தது. நிபோங் திபால்காரர். ஒரே ஒரு பஸ். புருஷன் போன பிறகு தானே ஓட்டுகிறார். செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து முப்பத்தொரு பெண்களைப் பெரிய பேக்டரிக்கு ஏற்றிப் போவார். அந்தப் பேக்டரி ஒரு கடிதம் அனுப்பியது: அடுத்த மாதம் முதல், கோலாலம்பூர் கம்பெனி ஒன்று விற்கும் புதுக் கம்ப்யூட்டரை வாங்கி வைப்பவர்களுக்கு மட்டுமே ரூட். நான் வாங்கிவிடுவேன். மகள் விட்டுப்போன கீறல் விழுந்த லாப்டாப் ஒன்றுதான் ராணியக்காவிடம் இருந்தது. அது செல்லாது என்றால் ரூட் போகும், ரூட் போனால் பஸ் போகும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ரூட் எனக்குத்தான் வரும் என்று மனசுக்குள் பஸ்ஸுக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டேன்.

நோலா சார் பதினொரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பேக்டரிக்குப் போனார். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை மேனேஜர், ஒரு சீன அம்மா, அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார். ஒரு சோதனை. பேக்டரி கேட்கும், எல்லா பஸ்காரர்களும் அவரவர் வைத்திருப்பதிலிருந்து விதிப்படி பதில் சொல்ல வேண்டும். ஒருவர் தவறினாலும் கோலாலம்பூர் கம்ப்யூட்டர்தான்.

காலை பத்து மணி, மீட்டிங் அறை. நான், நோலா சார், மேனேஜர். கோலாலம்பூரிலிருந்து டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், நம் தமிழ் ஆள்தான்.

"நிபோங் திபால்ல அந்த அக்கா வெச்சிருக்கிறது என்னா பிராண்ட் சார்?" என்றார் டை, சிரித்துக்கொண்டே.

"அந்தக் கேள்வி விதியில இல்ல," என்றார் நோலா சார்.

நாளைக் காலைக்குப் பஸ் உண்டா என்று குளிர் அறைக் கம்ப்யூட்டர் கேட்டது. சுவரில் இருந்த திரையில் பதில்கள் வந்து விழுந்தன. என் நாற்பத்திரண்டுக்கும் உண்டு, உண்டு, உண்டு. மற்றச் சின்ன முதலாளிகளும் உண்டு. ராணியக்கா பெயருக்கு எதிரில் ஒன்றுமில்லை.

"அவ்வளவுதான், ஆள் அவுட்," என்றார் டை.

"பதில் வரலன்னா 'இல்ல'ன்னு அர்த்தம் கிடையாது. வரலன்னுதான் அர்த்தம். அதே நம்பர்ல மறுபடி கேளுங்க." சொன்னது நோலா சார். நான்கு பேனாவையும் எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மறுபடி கேட்டார்கள். திரையில் ஒரு சொல் வந்தது: தெரியாது.

டை ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நோலா சார் மட்டும் பல் தெரியச் சிரித்தார். மேனேஜர் உடனே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ராணியக்காவின் மலாய் கணீரென்று வந்தது. அதன் சாரம் இது: பிரேக்கில் ஒரு சத்தம் கேட்கிறது, பட்டறையில் நிற்கிறேன், இங்கே லைன் விட்டு விட்டு வருகிறது. கழற்றிப் பார்க்காமல் முப்பத்தொரு பேருக்கு எப்படி 'உண்டு' சொல்வது? மத்தியானம் சொல்கிறேன்.

மேனேஜர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். உங்கள் நாற்பத்திரண்டும் நிச்சயமா என்று கேட்டார்.

நான் மேலே காற்றாடியைப் பார்த்தேன். ஒரு பஸ் பட்டர்வொர்த் பட்டறையில் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தது. எது கேட்டாலும் 'உண்டு' என்று தட்டும்படி சரஸிடம் சொல்லி வைத்திருந்தவன் நான். நோலா சார் என்னைப் பார்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒண்ணு இல்ல," என்றேன். ஒரு பேக்டரிக்குள் உட்கார்ந்து நான் 'இல்லை' சொன்னது அதுதான் முதல் தரம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்கும் விதிதான் தனக்கு வேண்டும் என்று சொல்லி, மேனேஜர் பதினொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். டை ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் ராணியக்காவின் பதில் வந்தது: இல்லை. பிரேக் மாற்ற ஒரு நாள் ஆகுமாம். நோலா சார் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும். முப்பத்தொரு பேரு. ரூட்டு அக்காவோடதுதான்."

"டிரைவர் யாரும் சும்மா இல்லையே சார்."

அவர் சும்மா நின்ற ஒரு பஸ்ஸின் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"நான் ஓட்டறேன், போங்க," என்றேன். ஓட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் கை மறக்குமா?

இன்று நான்கு பேக்டரியும் அந்த விதியில்தான் ஓடுகின்றன. ராணியக்காவுக்கு இப்போது இரண்டு பஸ். லாப்டாப் அதேதான். நோலா சார் ஈப்போவில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டார். அங்கே யாரை என்ன பாடு படுத்துகிறாரோ!

ராணியக்காவின் ரூட்டை நான் ஓட்டிய அந்த மறுநாள் காலை அவருக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் வெளிச்சம் வருவதற்குள் வந்து என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பாலம் ஏறுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அந்தச் சோதனைக்காக எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ, வாய் திறந்து அப்படி ஒரு தூக்கம். நிபோங் திபாலில் ஏறிய பெண்களில் ஒருத்தி "யாரு அங்கிள் இவரு?" என்று கேட்டாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். முப்பத்தொரு பேரும் குசுகுசுவென்றே பேசிக்கொண்டு வந்தார்கள்.

நான் வேகமாக ஓட்டிப் பேர் வாங்கியவன். அன்று வளைவுக்கு வளைவு பால் குடம் ஏற்றிவந்தவன் மாதிரி பிரேக்கை மெதுவாக மிதித்தேன். பேக்டரி வாசலில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவர் எழவில்லை. இஞ்சினை நிறுத்தினால் ஏ.சி. நின்றுவிடும், வேர்த்து விழித்துக்கொள்வார். டீசல் எரிந்தால் எரியட்டும் என்று, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.