காய்ச்சல்சாமியின் திருநீறு

புதுச்சத்திரம் பைபாஸில் லாரி நின்றால் பஞ்சர் என்று அர்த்தமில்லை. காய்ச்சல்சாமியின் திருநீற்றுக்கு டிரைவர் வரிசையில் நிற்கிறார் என்று அர்த்தம். ஒரு சிட்டிகை நாக்கில் போட்டால் போதும், மறுநாளே காய்ச்சல் ஓடிவிடுமாம். எங்கே ஓடுமோ, அது அந்தச் சாமிக்கே வெளிச்சம்.

கோழிப்பண்ணை பூபதிக்கு இதெல்லாம் இளக்காரம். கறுப்புச் சட்டைக்காரர். ஊரைத் திருத்தக் கிளம்பியவர், சொந்த வீட்டைக் கோட்டைவிட்டார். காய்ச்சல் வந்தபோதெல்லாம் மனைவி கமலவேணி ரகசியமாகத் திருநீறு தின்றிருக்கிறாள். இப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எந்த ஊசிக்கும் மசியவில்லை. பிழைப்பாளா என்று கேட்கப் பூபதிக்கு நாக்கு எழவில்லை. திட்டுவதற்கு மட்டும் எழுந்தது.

"அந்தச் சாமிப்பயலை உள்ள தள்ளோணும் டாக்டர்!"

"மொதல்ல அந்தத் துண்ணூறைச் சோதிப்போமுங்க" என்றார் டாக்டர் ரஞ்சிதா.

இரண்டு தட்டுகளில் கிருமி வளர்த்தார். ஒன்றில் வயிற்றுக் காய்ச்சல் தரும் சாதாரண சால்மோனெல்லா. மற்றதில் அதே சாதிக் கிருமிதான், ஆனால் கமலவேணியின் ரத்தத்திலிருந்து எடுத்தது. இரண்டிலும் ஒரு பக்கம் அடுப்புச் சாம்பல், மறுபக்கம் திருநீறு. மறுநாள், முதல் தட்டில் திருநீற்றைச் சுற்றிக் கிருமி செத்திருந்தது. சாம்பலைச் சுற்றிச் சாகவில்லை. கமலவேணியின் கிருமியோ திருநீற்றை ஒட்டியே குடித்தனம் நடத்தியது.

"மந்திரமில்லீங்க, ஆன்டிபயாடிக். பொடியாக் கலந்திருக்காரு. அரைகுறையாத் தின்னா கிருமி பழகிக்குமுங்க."

பூபதி துள்ளினார். போலீசோடு போய்ச் சாமியின் கொட்டகையைப் பிரித்தார். ஊரே கூடியது. சாம்பல் டிரம்முக்குப் பின்னால் மருந்துச் சாக்கு!

"எங்கடா வாங்குன?" என்று சாமியை அதட்டினார் பூபதி.

"உங்க பண்ணையிலதானுங்க. கோழிக்கு நோவு வாரதுக்கு முன்னாலயே இதே மருந்தைத் தண்ணியில கலக்குறீங்கள்ல, மிச்சத்தை உங்க ஆளுக விப்பாங்க."

கூட்டம் சிரித்தது. நோயில்லாத கோழிகளுக்குத் தினமும் தீர்த்தம் கொடுத்த பகுத்தறிவாளர், தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போட்ட ஒரு மருந்துக்குக் காய்ச்சல் மசிந்தது. கமலவேணி கண் திறந்தாள். "இந்தக் கிருமி கோழி வயித்துலயே மருந்துக்குப் பழகி உங்க ஊட்டுக்கு வந்திருக்கும்" என்றார் ரஞ்சிதா. "இந்த மருந்துக்கும் பழகிட்டா, அப்புறம் எங்க கையிலயும் துண்ணூறுதானுங்க."

கமலவேணி மெல்லக் கேட்டாள்: "நான் சாமி பேச்சைக் கேட்டேன். நீங்க யாரு பேச்சைக் கேட்டீங்க?"

"டை கட்டிக்கிட்டுக் கோழி மருந்து விக்க வந்தவன் பேச்சை."

"ஏன்னு ஒருக்காக் கேட்டீங்களா?"

பூபதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுவாரம் பண்ணை வாசலில் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'பெரிய காய்ச்சல்சாமி இங்கேதான் இருந்தார். நோயில்லாதபோது மருந்து தருபவன் தாடி வைத்திருந்தாலும் சரி, டை கட்டியிருந்தாலும் சரி, கறுப்புச் சட்டையே போட்டிருந்தாலும் சரி, ஏன் என்று கேளுங்கள்!'