யாரும் திறக்க வேண்டாம்

காலை எட்டு ஐம்பதுக்கு வந்த மெயிலைப் பார்த்ததும் சங்குவின் கை மௌஸை விட்டுத் தானாக விலகியது.

சங்கு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ் பன்னிரண்டு பள்ளிகள். பள்ளிக்கு ஒருவராகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கென்று போனில் ஒரு குழு. உலகத்தின் எந்த மூலையில் வைரஸ் என்று பேச்சு கிளம்பினாலும் அந்தக் குழுவில் முதலில் ஊதுகிறவர் இவர்தான். 'அபாயச் சங்கு' என்று ஆரம்பித்தார்கள். நாளடைவில் சோம்பல் பட்டு, அபாயத்தை விட்டுவிட்டார்கள்.

ஊதுவதோடு சரி, கேட்பார் யாருமில்லை. நாலைந்து கட்டைவிரல் படம் வரும். பிறகு யாராவது ஒருவர், "இதையேதான் போன வருஷமும் அனுப்பினீங்க" என்பார். வீட்டிலும் இதே கதைதான். பாஸ்வேர்டை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டக் கூடாது என்று பதினோரு வருஷமாகச் சொல்கிறார். காகிதம் மஞ்சளாகிவிட்டது, ஆனால் அங்கேயேதான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு கணினிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரைப் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவருடைய எச்சரிக்கைகள் எல்லாம் உத்தரவுகளாகிவிடும். கேட்டுத்தான் ஆகவேண்டும். ஐந்து மாதமாகச் சங்கு அந்த ஒரு சுகத்துக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார்.

மெயிலின் தலைப்பும் அதையேதான் சொன்னது. 'ஒருங்கிணைப்பாளர் பதவி: நேர்காணல் விவரம் உள்ளே. உடனே திறக்கவும்.' அனுப்பிய முகவரி தலைமை அலுவலகத்தின் வழக்கமான முகவரி இல்லை. கீழே யார் பெயரும் இல்லை. பெரிய இணைப்பு ஒன்று மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"ஆசை காட்டி வலை விரிக்கிறியா? யார்கிட்ட?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சங்கு போனை எடுத்து ஊதினார்.

"அவசரம்! ஒருங்கிணைப்பாளர் பதவி என்று வந்திருக்கும் மெயில் வைரஸ். யாரும் திறக்க வேண்டாம். உடனே அழிக்கவும். நான் அழித்துவிட்டேன்."

வரலாறு காணாத வரவேற்பு. ஐந்தே நிமிஷத்தில் பத்துக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன.

எந்நேரமும் கழுத்தில் ஒரு கம்பியைச் சுற்றிக்கொண்டு திரிவதால் 'கேபிள்' என்று பேர் வாங்கியவர், "அழிச்சாச்சு தலைவரே. நல்ல வேளை சொன்னீங்க" என்று எழுதினார்.

குழுவை நடத்துகிற 'பாஸ்வேர்டு' (தன்னுடையதை வாரத்துக்கு ஒருமுறை மறக்கிறவர்), "நான் ஏற்கெனவே அழிச்சிட்டேன். நீங்க சொன்னதுக்காக இன்னொரு தடவை அழிச்சேன்" என்றார்.

கடைசியாக நூலக மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது. "சரி தம்பி. திறக்கல."

நூலக மேடம் ஆற்றங்கரைப் பள்ளியின் நூலகர். புத்தகத்தைத் தூசி தட்டுகிறவர் கணினியையும் தட்டட்டும் என்று அவருடைய தலைமை ஆசிரியர் அந்த வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார். எதைச் சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே செய்வார்.

முதல் தடவையாகப் பதினோரு பேரும் தன் பேச்சைக் கேட்டுவிட்டார்கள் என்றதும் சங்குவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளியின் மொத்த இணைய இணைப்பையும் துண்டித்தார். இருபத்தேழு கம்பிகளை உருவித் தரையில் போட்டார். எந்தக் கம்பி எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்குத் தலைமை ஆசிரியை கணினி அறைக்கு வந்தார்.

"சார், ஆபீஸ்ல காலையில இருந்து நெட் இல்ல. வருகைப் பதிவு அப்படியே நிக்குது."

"பாதுகாப்புக்காக நான்தான் மேடம்..."

"சரி, அது கிடக்கட்டும். தலைமை அலுவலகத்துல இருந்து போன். மூணு மணிக்குப் பன்னிரண்டு நாற்காலி வேணுமாம். மூணாவது மாடிக்கு. உங்க அறையில இருந்து அனுப்பட்டுமா?"

"பன்னிரண்டா?"

"எல்லாப் பள்ளிக் கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குமாம். ஏன், உங்களுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

சங்கு விரலை மடக்கி எண்ணினார். பன்னிரண்டு நாற்காலி. பன்னிரண்டு பேர். மூன்று மணி. அப்படியானால் அந்த மெயில் நிஜம். நேர்காணலும் நிஜம். பதவி வீடு தேடி வந்து கதவைத் தட்டியிருக்கிறது. இவர் திருடன் என்று கத்தி விரட்டியதோடு, தெருவையே கூட்டிவிட்டிருக்கிறார்.

அழித்த மெயில் கணினியின் குப்பைத்தொட்டியில் இன்னும் இருக்கும். ஆனால் பள்ளி மெயிலைப் பள்ளிக் கணினியில்தான் பார்க்க முடியும். அதற்கு இணையம் வேண்டும். சங்கு தரையில் மண்டியிட்டு, கம்பிகளைக் கைக்கு வந்த ஓட்டைகளில் செருக ஆரம்பித்தார்.

பதினான்காவது கம்பியைச் செருகியபோது பள்ளிக்கூட மணி அடித்தது. மணியும் கணினி வழியாகத்தான் ஓடுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடித்தது சாதாரண மணி இல்லை. வீட்டுக்குப் போகச் சொல்லும் நீள மணி. பயந்து கம்பியை உருவினார். மணி நிற்கவில்லை. இன்னொன்றைச் செருகினார். ஒலிபெருக்கியில் வாழ்த்துப்பாட்டும் சேர்ந்துகொண்டது.

மாடிப்படியில் எழுநூறு ஜோடிக் கால்கள் இறங்கும் சத்தம் கேட்டது. கணக்கு ஆசிரியர் ஒருவர் கதவருகே நின்று, "பரீட்சைத்தாள் பாதிதான் எழுதியிருக்கானுங்க சார்!" என்று கத்திவிட்டு அந்த வெள்ளத்தோடு போனார்.

ஆனால் இணையம் வந்துவிட்டது. மணி ஒன்றேகால். சங்கு குப்பையைக் கிளறி அந்த மெயிலைப் பொறுக்கி எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இணைப்பைத் திறந்தார்.

திரை வெடிக்கவில்லை. ஒரே ஒரு பக்கம். 'நேர்காணல்: இன்று மாலை மூன்று மணி. தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.'

மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"இருங்க, இருங்க. மத்த பதினோரு பேரும் மெயிலை அழிச்சிட்டாங்களா?"

"ஆமா. நான் சொன்னதால."

"அப்ப நீங்க ஒருத்தர் போய் நின்னா போதுமே! போட்டியே இல்லையே! சாமர்த்தியமா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்கன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

சங்குவுக்கும் அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது. சரியாக ஒன்றரை நிமிஷம் இனித்தது. நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் நூலக மேடத்தின் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் கசந்துவிட்டது.

"அது தப்பும்மா. ஜென்மத்துல முதல் தடவையா என் பேச்சைக் கேட்டிருக்காங்க. கேட்டதுக்கு இதுதான் தண்டனையா?"

"நல்லா இருங்க. உங்களுக்குப் பிழைக்கத் தெரியாது" என்று மனைவி போனை வைத்தாள்.

சங்கு குழுவில் எழுதினார். "மன்னிக்கவும். காலையில் நான் சொன்னது தவறு. அந்த மெயில் உண்மையானது. எல்லோரும் உடனே திறக்கவும்."

முதல் பதில் கேபிளிடமிருந்து வந்தது. "நண்பர்களே ஜாக்கிரதை! நம்ம சங்குவோட போனுக்குள்ள வைரஸ் பூந்திடுச்சு. திறக்கச் சொல்லுது!"

"இல்லை, நான்தான் பேசுகிறேன்" என்று எழுதினார் சங்கு.

"வைரஸ் அப்படித்தான் சொல்லும்" என்றார் பாஸ்வேர்டு.

சங்கு தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். பதற்றத்தில் நடுவில் இரண்டு தும்மல் வேறு. "அடேயப்பா, தும்மல் வரைக்கும் காப்பி அடிச்சிருக்கு. பயங்கரமான வைரஸ்" என்று பதில் வந்தது. தன்னைத் தானே படம் பிடித்து அனுப்பினார். கம்பிகளுக்கு நடுவே, வியர்த்து, மூக்கில் தூசியோடு இருந்தது முகம். "மனுஷன் இப்படியா இருப்பான்? சங்கு பார்க்க லட்சணமா இருப்பாரே" என்றார் இன்னொருவர்.

"பாதுகாப்பைக் கருதி சங்குவைக் குழுவிலிருந்து நீக்குகிறேன்" என்று பாஸ்வேர்டு அறிவித்தார். அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் சங்கு வெளியே இருந்தார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை. நூலக மேடமும் எடுக்கவில்லை. நூலகத்தில் இருக்கும்வரை போனை ஊமையாக்கி வைப்பது அவர் வழக்கம்.

தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்கப் போனார். வெறிச்சோடிய மைதானத்தைப் பார்த்தபடி நின்ற அந்தம்மாள், "தாராளமாப் போங்க சார். நீங்க இங்க இருந்தா அடுத்து என்ன அடிக்குமோ, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நேராகப் போனால் தலைமை அலுவலகம் இருபது நிமிஷம். சங்கு நேராகப் போகவில்லை. மற்றவர்களை விட்டாலும் மேடத்தை விட மனசு வரவில்லை. வண்டியை ஆற்றங்கரைப் பள்ளிக்குத் திருப்பினார். வழியில் இரண்டு ரயில்வே கேட். இரண்டும் மூடியிருந்தன. போய்ச் சேர்ந்தபோது நூலகக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'வெளியே சென்றிருக்கிறேன். புத்தகங்களைப் பெட்டியில் போடவும்.'

"எங்க போனாங்க?" என்று காவலாளியைக் கேட்டார்.

"தெரியலைங்க. கார் வந்துச்சு. ஏறிப் போயிட்டாங்க."

மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சங்கு தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் மூச்சிரைக்க வந்து நின்றார். நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரோரமாக அவருடைய சொந்தப் பள்ளியின் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் பத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சவரம் செய்து, சட்டை இஸ்திரி போட்டு, மடியில் சான்றிதழ்க் கோப்போடு இருந்தார்கள். கேபிளின் கழுத்தில் கம்பிக்குப் பதிலாக டை தொங்கியது. பாஸ்வேர்டு கூரையில் ஓடும் மின்விசிறியை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எல்லாரும் அழிச்சிட்டதா எழுதினீங்களே?" என்றார் சங்கு.

"அழிச்சேன் தலைவரே. சத்தியமா அழிச்சேன்" என்றார் கேபிள். "திறந்து படிச்சிட்டு அழிச்சேன்."

"எப்ப திறந்தீங்க?"

"நீங்க திறக்காதீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான். அதுவரைக்கும் நான் மெயிலையே கவனிக்கல."

"அப்புறம் ஏன் எனக்குள்ள வைரஸ் பூந்துடுச்சுன்னு சொன்னீங்க?"

பாஸ்வேர்டு மின்விசிறியிடமிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "நீங்க பாட்டுக்குத் திறங்க, திறங்கன்னு ஊதிட்டே இருந்தா மத்தவங்களும் வந்துடுவாங்களே சார்."

மற்ற எட்டுப் பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் வரப்போகிறோம் என்று நம்பி வந்தவர்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சங்கு பதினோராவது நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம்கூட வரவில்லை. அவமானம்தான் வந்தது. காலையில் விழுந்த கட்டைவிரல்கள் அத்தனையும் பொய். பக்கத்தில் பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. இந்த உலகத்தில் அவர் பேச்சைக் கேட்டவர் ஒரே ஒருவர். கேட்ட பாவத்துக்கு அவருக்கு மட்டும் நேர்காணல் போய்விட்டது.

போனை எடுத்து நூலக மேடத்தை மறுபடியும் கூப்பிட்டார். நேர்காணல் அறைக்குள்ளே ஒரு போன் மணி அடித்தது.

கதவு திறந்தது. நூலக மேடம் ஒரு கையில் அடிக்கும் போனும் இன்னொரு கையில் தன் நோட்டுமாக வெளியே வந்தார். பின்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அலுவலகக் கிளார்க் வந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? இது நேர்காணல் இல்லையாம். யார் யார் ஏமாந்து திறக்கறாங்கன்னு பார்க்க அலுவலகமே அனுப்பின மெயிலாம். திறந்தவங்களுக்கு இப்ப வகுப்பு. திறக்காதவங்களுக்குப் பதவி. நான் நீங்க சொன்னதை நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மேடம் வகுப்பு எடுக்க, எதிர்ச்சுவரில் இருந்த கரும்பலகைப் பக்கம் கூச்சத்தோடு போனார்.

கிளார்க் சங்குவின் அருகே குனிந்து, அந்த நியமன உத்தரவை அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார். பெயர் இருந்த இடத்தில், பழைய பெயரை மறைக்கத் தடவிய வெள்ளை மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"மனசு கேக்கல சார், சொல்லிடறேன். திறக்காம இருந்தது நீங்க ரெண்டு பேர்தான், அதுல சீனியர் நீங்க. ஒண்ணேகால் வரைக்கும் இதுல உங்க பேர்தான் இருந்துச்சு."