டிரம்மைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. இங்கே தங்கள் அக்கா மிக மிக நலம். நான் நலமில்லை. தங்கள் நலத்தைக் கோபம் தணிந்த பிறகு விசாரிக்கிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்குத் தாங்கள் அனுப்பிய வீடியோ கேமையும் கூடவே வந்த டிரம்மையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போகவும். டிவியில் பாட்டு ஓடும், சிவப்பு வட்டமும் நீல வட்டமும் உருண்டு வரும், கோட்டைத் தொட்டதும் குச்சியால் ஒரு போடு போட வேண்டும், சிவப்புக்கு நடுவில், நீலத்துக்கு ஓரத்தில், அவ்வளவுதானே, முப்பத்தெட்டு வருஷமாகக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்து, தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இது நான்காவது வாரம்.

நான் எப்போது அடித்தாலும் திரையில் 'லேட்' என்றே வருகிறது. உங்கள் அக்காவோ உங்களோடு போனில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் ஜெயிக்கிறாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள், பாவம், அவளே டிரம்மையும் துடைத்து, ஏதோ பொத்தான்களை அமுக்கி, என் பாட்டைத் தயாராக வைத்துத் தருகிறாள். அந்த அன்பில் குறை சொல்ல முடியாது. "டிவிதான் மெதுவா ஓடுது" என்றேன். "டிவி நல்லாத்தான் ஓடுது. உங்க கைதான் அரை செகண்ட் லேட்டு" என்கிறாள். சரி, கோளாறு டிரம்மில்தான் என்று கடைக்குக் கொண்டுபோய், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பிரித்தேன். உள்ளே பல்சக்கரமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. எதைத் திருகுவது? மூடிவிட்டேன். ஒரு ஸ்குரூ மிச்சம். அது இல்லாமலேயே டிரம் ஜோராக வேலை செய்கிறது என்பது இன்னும் அவமானம்.

இதை அவள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். நேற்று பேக்கரிக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கிறார். "இன்னும் முடியலையே" என்றேன். "பரவால்லண்ணே, குடுத்துடுங்க. உங்களுக்கே லேட்டாமே, அக்கா சொன்னாங்க" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் ஆட்டத்தைப் பார்க்கப் பத்துப் பேரை வேறு அழைத்திருக்கிறாள். அதற்குள் இந்த டிரம் போகாவிட்டால் நான் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சோப்பு நுரைக் கையோடு,
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மதியப் பாத்திரம் கழுவப் போனேன். சோப்பு தீர்ந்திருந்தது. புதிது எடுக்கத் தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தால், மூலையில் கேமோடு வந்த கையேடு! கல்யாணமான நாளிலிருந்து நான் கை வைக்காத இடம் என்று நம்பி ஒளித்திருக்கிறாள். பதினான்காம் பக்கம்: டிவிக்கும் டிரம்முக்கும் இடையே நேரத்தை முன்னே பின்னே தள்ளி வைப்பது எப்படி. ஓரத்தில் அவள் கையெழுத்து: 'தம்பி சொன்னபடி, அவருக்குப் பத்து, எனக்குப் பூஜ்யம்.'

தம்பி, டிரம்மை எடுக்க வர வேண்டாம். அக்காவிடம் மூச்சு விடாமல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள். அன்றைக்கு அவளுடைய முறை வரும்போது டிரம்மை நானே அன்பாகத் துடைத்துத் தருகிறேன்.